‘இன்று எத்தனை?’ என்று கேட்காத வீடு

கோல்ஃப் என்றவுடன் நம் கண் முன்னால் என்ன வரும்? சினிமாவில் கதாநாயகியின் பணக்கார அப்பா வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, பை தூக்க ஒரு ஆளையும் நிறுத்திக்கொண்டு, பச்சைப் புல்வெளியில் பந்தை ஓங்கி அடிப்பார். “அதெல்லாம் காசு இருக்கிறவங்க ஆட்டம்” என்று நாமும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஆனால் அதே ஆட்டத்தில், மாதக் கடைசியில் பர்ஸைக் கவிழ்த்துப் பார்க்கிற பெண்களும் இருக்கிறார்கள். பழைய காரில் துணிமணி, ஆட்டத் தடிகள், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, வாரம் ஓர் ஊர் என்று எட்டு மாதம் அலைகிறார்கள். அப்படி ஒரு பெண்ணை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். “கோல்ஃபுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். படித்து முடித்தும் இன்னும் காலூன்றாத பெண்ணோ பிள்ளையோ உங்கள் வீட்டில் இருந்தால், இது உங்களுக்கும்தான்.

2019-ல் என் தங்கையின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. விமானத்தில் அத்தனை நேரம் உட்கார முடியாது. அதனால் பத்தியச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். தங்கை அப்போது இருந்தது இல்லினாய் மாநிலத்தில் டிகேட்டர் என்னும் ஊர். சிகாகோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மக்காச்சோளமும் சோயாவும்தான். சோளத்திலிருந்து மாவும் சர்க்கரைப் பாகும் எடுக்கிற பெரிய ஆலைகள் அங்கே இருக்கின்றன. தங்கை வீட்டுக்காரருக்கு அப்படி ஓர் ஆலையில் வேலை.

பக்கத்து வீட்டில் ரிடையரான பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். டீச்சரம்மா என்றுதான் நான் சொல்வேன். ஜூன் மாதம் பிறந்ததும் அவர் வீட்டில் ஒரு அறையை ஒழித்து, புதுப் படுக்கை விரிப்பு போட்டு, அமர்க்களப்பட்டது. “யாராவது விருந்தாளியா?” என்று தங்கையைக் கேட்டேன். “இல்லக்கா, கோல்ஃப் ஆடற பொண்ணு ஒருத்தி வருவா. ஒரு வாரம் இருப்பா. வருஷா வருஷம் இப்படித்தான்” என்றாள்.

மத்தியானக் கச்சேரி மாதிரி

நம் சென்னையில் மார்கழி சீசன் நடக்கிறது அல்லவா? சாயங்காலக் கச்சேரி பெரிய வித்வான்களுக்கு. மத்தியானம் சின்னவர்களுக்கு. அங்கே பேர் வாங்கினால்தான் சாயங்காலத்துக்கு நகர முடியும். பெண்கள் கோல்ஃபிலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

அமெரிக்காவில் எல்.பி.ஜி.ஏ. டூர் என்பது சாயங்காலக் கச்சேரி. டி.வி.யில் வருவது, லட்சக்கணக்கில் டாலர் பரிசு கொடுப்பது எல்லாம் அது. அதற்கு ஒரு படி கீழே, இளம் பெண்கள் ஆடித் தேறுவதற்கென்று இன்னொரு டூர் நடக்கிறது. 1981-ல் ஃப்ளோரிடாவில் சிறிதாகத் தொடங்கியது. பிறகு ஃப்யூச்சர்ஸ் டூர் என்று பெயர் வந்தது. 1999-ல் எல்.பி.ஜி.ஏ. அதைத் தன் அதிகாரபூர்வமான பயிற்சிப் படியாக ஏற்றுக்கொண்டது. 2007-ல் தன் வசமே எடுத்துக்கொண்டது. பணம் கொடுக்கிற கம்பெனியின் பெயரை வைப்பது அங்கே வழக்கம். 2012-லிருந்து சிமெட்ரா டூர். 2022-லிருந்து எப்சன் டூர். நான் பார்த்தது சிமெட்ரா காலத்தில்.

மார்ச்சில் ஃப்ளோரிடாவில் தொடங்கும். பிறகு கலிபோர்னியா, ஆர்கன்சா, இல்லினாய், மிச்சிகன், தெற்கு டகோட்டா, அலபாமா என்று சுற்றி, அந்த வருஷம் அக்டோபரில் டேடோனா பீச்சில் முடிந்தது. மொத்தம் 20-க்கு மேல் போட்டிகள். அப்போதெல்லாம் வருஷக் கடைசியில் பரிசுப் பணத்தைக் கூட்டிப் பார்த்து, முதல் 10 பேருக்கு எல்.பி.ஜி.ஏ.வில் ஆட அட்டை கொடுத்தார்கள். (2024-ல் இதை 15 பேராக உயர்த்தினார்கள்.) ஒரே வருஷத்தில் 3 போட்டி ஜெயித்துவிட்டால், வருஷம் முடியும் வரை காத்திருக்காமலே மேலே போகலாம். ஒவ்வொரு வாரமும் ஆடுகிறவர்களோ நூற்றுக்கு மேல். அத்தனை பேருமே அவரவர் ஊரில், காலேஜில் முதலாவதாக வந்தவர்கள்!

வந்தவள்

அந்தப் பெண்ணுக்கு 25 வயது. சொந்த ஊர் ஓஹையோ மாநிலத்தில். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா இல்லை. நன்றாக ஆடியதால் காலேஜ் படிப்பு உபகாரச் சம்பளத்தில் முடிந்துவிட்டது. டூரில் அது அவளுக்கு மூன்றாவது வருஷம். குளிர்காலத்தில் போட்டி இல்லாத மாதங்களில் ஹோட்டலில் பரிமாறிப் பணம் சேர்ப்பாளாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். செவ்வாய் பயிற்சி. அடுத்து, பணம் கட்டிய உள்ளூர்ப் பிரமுகர்களோடு ஒரு நாள் சிரித்துப் பேசி ஆட வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு போட்டி. ஞாயிறு சாயங்காலமே பெட்டி கட்டி அடுத்த ஊர்.

வாரா வாரம் ஹோட்டல் அறைக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. ஆகவே அந்தந்த ஊர்க்காரர்கள் இந்தப் பெண்களைத் தங்கள் வீட்டில் தங்க வைத்துக்கொள்கிறார்கள். வாடகை கிடையாது. காலையில் காபி, ராத்திரி சாப்பாடு, துணி துவைக்க மெஷின், நிம்மதியாகத் தூங்க ஒரு அறை. இப்படி வீடு கொடுப்பவர்கள் இல்லாவிட்டால் பாதிப் பெண்கள் ஒரே வருஷத்தில் ஊர் திரும்பிவிடுவார்கள் என்றார் டீச்சரம்மா.

கைக்குழந்தை என்றால் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் ஆசைதானே! இரண்டாம் நாளே வேலியைத் தாண்டி வந்து எங்கள் பாப்பாவைப் பார்த்துவிட்டு, நான் பிடித்து வைத்திருந்த கடலை உருண்டையை ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “இதில் என்ன இருக்கிறது?” என்றாள். வேர்க்கடலையும் வெல்லமும்தான் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மறுநாள் அவள் கோல்ஃப் பையில் ஒரு டப்பா உருண்டை ஏறியது.

நோட்டுக் கணக்கு

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. நம் வீட்டுப் பால் கணக்கு நோட்டு மாதிரிதான். இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு. ஒரு நாள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவளே எனக்குக் காட்டினாள்.

ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுக் கட்டணம் மட்டும் சுமார் 500 டாலர். அப்புறம் பெட்ரோல், தூரமான ஊர் என்றால் விமானம், சாப்பாடு, பந்து, கையுறை, கோச்சுக்குக் கொடுப்பது. பை தூக்க ஆள் வைத்தால் அவருக்குச் சம்பளம். அதனால் பல பேர் தாமே தூக்கிக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் அப்பாவோ, அண்ணனோ, வீடு கொடுத்தவரோ தூக்குவார். அந்த வருஷத்துக்கு அவள் போட்டிருந்த செலவு 30,000 டாலர். அப்போதைய கணக்கில் நம் பணம் 20 லட்சத்துக்கு மேல்! எனக்குத் தலை சுற்றியது.

வரவுப் பக்கம்தான் வயிற்றைக் கலக்குகிறது. முதல் இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் முதல் 60 இடத்துக்குள் இருப்பவர்கள் மட்டுமே மூன்றாம் நாள் ஆடலாம். மற்றவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. கட்டிய கட்டணமும் போச்சு, வந்த பெட்ரோலும் போச்சு. உள்ளே வந்தாலும் கடைசி இடங்களுக்குச் சில நூறு டாலர்தான். முதல் பரிசு நல்ல தொகை. மொத்தப் பரிசு 2 லட்சம் டாலர் என்றால் ஜெயித்தவளுக்கு 30,000. ஆனால் ஒருத்திதானே ஜெயிக்க முடியும்?

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதியிருந்தது. “2020 அக்டோபர் வரை. கடன் வாங்கி ஆடுவதில்லை. மணிக்கட்டு சரியில்லை என்று டாக்டர் சொன்னால் அன்றே நிறுத்தம்.” கீழே அவள் கையெழுத்து. அதற்கும் கீழே அவள் அம்மாவின் கையெழுத்து.

உடம்புதான் மூலதனம்

கோல்ஃப் சுலபமான ஆட்டம் என்று தூரத்தில் இருந்து பார்த்தால் தோன்றும். 18 குழி ஆடி முடிக்க எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் நடை. நாலரை, ஐந்து மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். பையில் 14 தடிகள் வரை வைத்துக்கொள்ளலாம். தண்ணீர், குடை, மழைக்கோட்டு எல்லாம் சேர்த்தால் ஒரு சிப்பம் அரிசி தூக்கிய மாதிரி. ஒரே பக்கமாக இடுப்பைத் திருப்பித் திருப்பி அடிப்பதால் இடுப்பு வலியும் மணிக்கட்டு வலியும் இவர்களுக்குச் சகஜம்.

அவளுடைய பழக்கங்களில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. பசித்த பிறகு சாப்பிடுவதில்லை. மூன்று குழிக்கு ஒரு தடவை ஒரு வாழைப்பழமோ, கொஞ்சம் கொட்டையோ. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர், வியர்வை அதிகமானால் உப்பு கலந்தது. காலையில் இருபது நிமிஷம் இடுப்புக்கும் தோளுக்கும் பயிற்சி. ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும்.

மாதவிலக்கு நாட்களைப் பற்றியும் கேட்டேன். (நாம் கேட்காமல் யார் கேட்பது?) “போட்டி அதற்காக நிற்குமா?” என்று சிரித்தாள். தேதியை நோட்டில் குறித்து வைத்து, அந்த நாட்களில் அடர்ந்த நிற உடை, வெந்நீர்ப் பை, வழக்கத்தை விட ஒரு மணி நேரம் அதிகத் தூக்கம். வலி தாங்க முடியாமல் போனபோது, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் டாக்டரைப் பார்த்தாளாம். நம் பெண்களுக்குப் பரீட்சை நாளில் வந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? “எல்லாருக்கும் வர்றதுதானே” என்று அனுப்பிவிடுகிறோம். தேதியைக் குறித்து வைக்கவாவது கற்றுக்கொடுக்கலாமே.

அந்தச் சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு விதி சொன்னார். “அவள் உள்ளே வரும்போது இன்று எத்தனை என்று கேட்காதே. என்ன சாப்பிடுகிறாய் என்று கேள்.”

“அப்புறம் எப்படித் தெரியும்?” என்றேன்.

“ஃபோனில் எல்லார் ஸ்கோரும் வருகிறது. எனக்கு ஏற்கனவே தெரியும். அவளை வாய் திறந்து சொல்ல வைத்தால், தப்பின குழியையெல்லாம் அவள் மறுபடி ஆட வேண்டியிருக்கும்.”

அன்று அவள் முகத்தைப் பார்த்தாலே நல்ல நாள் இல்லை என்று தெரிந்தது. சூப்பைக் குடித்தாள். என் பருப்புச் சாதத்தில் இரண்டு வாய் சாப்பிட்டாள். அவள் அம்மாவிடமிருந்து ஃபோனில் ஒரு வரி வந்தது: சாப்பிட்டாயா, தூங்கு. அவ்வளவுதான். அம்மா நைட் டியூட்டி தொடங்கும் முன் தினமும் அனுப்புகிற வரியாம் அது.

மறுநாள் பாப்பாவைத் தங்கை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் டீச்சரம்மாவோடு மைதானத்துக்குப் போனேன். கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: குறைந்த அடிகளில் முடித்தவர்தான் கெட்டிக்காரர். கடைசிக் குழிக்கு வந்தபோது, இந்தக் குழியில் ஓர் அடி கூடினால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று டீச்சரம்மா என் காதில் சொன்னார். பந்துக்கும் குழிக்கும் நடுவில் ஆறு அடி தூரம் இருக்கும். அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். எனக்குக் கை சில்லிட்டுப் போயிற்று. முன்பின் தெரியாத பெண்ணுக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். பந்து குழியின் விளிம்பைச் சுற்றி உள்ளே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுமாராக ஆடினாள். வந்த பணம் வாரச் செலவுக்குப் போதவில்லை. நோட்டில் எழுதிவிட்டு, “இந்த வாரம் நஷ்டம் குறைச்சல்” என்று சிரித்தாள். ஒரு மணி நேரத்தில் கார் கிளம்பிவிட்டது.

ஏறினவர்களும் உண்டு

இந்தப் படியில் ஏறி உச்சிக்குப் போனவர்கள் கதையும் சொல்ல வேண்டும். மெக்சிகோவின் லோரெனா ஒச்சோவா 2002-ல் இங்கே பரிசுப் பட்டியலில் முதலிடம். 2007-ல் உலகத்திலேயே முதலிடம். கொரியாவின் இன்பீ பார்க், பெரிய டூருக்கு வயது போதாமல் 2006-ல் 17 வயதில் இங்கே ஆடினாள். 2008-ல் 19 வயதில் அமெரிக்க ஓபன் ஜெயித்தாள். மோ மார்ட்டின் என்ற அமெரிக்கப் பெண்ணோ இந்தக் கீழ்ப்படியில் ஆறு வருஷம் இருந்தாள். மேலே போய் அவள் ஜெயித்த முதல் போட்டியே 2014 பிரிட்டிஷ் ஓபன்!

எனக்கு மிகவும் பிடித்தது லிலியா வூ கதை. 1982-ல் வியட்நாமிலிருந்து தாத்தா தன் கையால் படகு கட்டிக் குடும்பத்தைக் கரை சேர்த்த வீட்டுப் பெண். 2019-ல் எல்.பி.ஜி.ஏ.வுக்குப் போனாள். வருஷம் முழுக்க ஒரே ஒரு போட்டியில்தான் கடைசி நாள் வரை ஆட முடிந்தது. சம்பாத்தியம் 3,830 டாலர். அட்டை போயிற்று. கோல்ஃபை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போகிறேன் என்றாள். அம்மாதான் விடாதே என்று தடுத்தார். திரும்பக் கீழ்ப்படிக்கு வந்து, 2021-ல் 3 போட்டி ஜெயித்து முதலிடம் பிடித்தாள். 2023-ல் பெரும் போட்டிகள் இரண்டில் வெற்றி. அந்த வருஷம் உலகின் முதலிடமும் அவளுக்குத்தான் கிடைத்தது.

நம் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் இந்த வழியாகப் போகவில்லை. தேர்வுப் போட்டி ஆடி நேராகவே எல்.பி.ஜி.ஏ.வுக்குப் போனவள். ஆனால் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அவள் நாலாவது இடம் வந்தபோது பை தூக்கி நடந்தது அவளுடைய அம்மா. எந்த வழியில் போனாலும் பின்னால் வீடு நடக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நம் பெண் என்ன ஆனாள்?

அந்த வருஷம் அவளால் முதல் 10-க்குள் வர முடியவில்லை. அடுத்த வருஷம்தான் கெடு வருஷம். அதில் கொரோனா வந்து, போட்டிகள் ஜூலை வரை நின்று, நடந்ததே 10 போட்டி. அட்டையும் 5 பேருக்குத்தான். ஆடினாள். கிடைக்கவில்லை. அக்டோபரில் எழுதி வைத்தபடி நிறுத்திவிட்டாள். கடன் இல்லை. இப்போது ஓஹையோவில் ஒரு மைதானத்தில் சிறு பெண்களுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு டீச்சரம்மாவுக்கு இன்னும் வாழ்த்து அனுப்புகிறாளாம்.

“அத்தனை பணமும் நாலு வருஷமும் வீண்தானே?” என்று இவர் கேட்டார். (என் வீட்டுக்காரர் கணக்கில் கெட்டி!) அதே கேள்வியை டீச்சரம்மா அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மா சொன்ன பதிலைத் தங்கை எனக்கு ஃபோனில் சொன்னாள்: “நாற்பது வயதில் அவள் சமையலறையில் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாமோ என்று நினைக்கக் கூடாது. அதற்குத்தான் நான் நைட் டியூட்டி பார்த்தேன்.”

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் பெண் இப்போது சி.ஏ. படிக்கிறாள். ஒரு குரூப் இரண்டு தடவை போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே “ரிசல்ட் என்னாச்சு?” என்கிறார்கள். “காலாகாலத்தில் கல்யாணத்தைப் பண்ணுங்க” என்று யோசனை வேறு. போன வருஷம் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டுப் போட்டோம். சில விதிகளும் வைத்துக்கொண்டோம். உங்களுக்கும் உதவலாம்:

1. எத்தனை வருஷம் என்பதை முன்னாலேயே பேசி எழுதிவிடுங்கள். தோற்ற அன்று முடிவு எடுக்க வேண்டாம். ஜெயித்த அன்றும் வேண்டாம்.

2. என்ன செலவு, யார் கொடுப்பது என்பது பிள்ளைக்கும் தெரியட்டும். மறைத்துக் கொடுத்தால் பிறகு குத்திக்காட்டத் தோன்றும்.

3. வட்டிக்கு வாங்கி முயற்சி வேண்டாம். சின்னதாக ஒரு சம்பாத்தியம் கூடவே இருக்கட்டும். என் பெண் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள்.

4. சாப்பாடு, தூக்கம், உடம்பு இந்த மூன்றும் அம்மா கையில். மார்க் அம்மா கையில் இல்லை.

5. வாசலில் வைத்து ‘எத்தனை?’ என்று கேட்காதீர்கள். கேட்கிற விருந்தாளியையும் நீங்களே பேச்சை மாற்றிச் சமாளியுங்கள்.

என் பெண்ணுக்கு அந்தக் குரூப் இன்னும் பாக்கிதான். கெடுவுக்கு ஒரு வருஷம் இருக்கிறது. தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. போன தடவை பரீட்சை எழுதிவிட்டு வந்தவளிடம், “ரசம் சூடா இருக்கு, சாதம் போடட்டுமா?” என்றேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, ஒவ்வொரு கேள்வியாக அவளே எல்லாவற்றையும் சொன்னாள்.